மற்போர்க் களத்தின் ஓரத்தில்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணிபுரிந்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் தோற்று வந்தால் எவ்வாறு தேற்றுவது, வென்று வந்தால் எவ்வாறு அடக்கத்தைக் கற்பிப்பது என்று பெற்றோர் கூட்டங்களில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். அந்த அறிவுரையெல்லாம் எனக்கே வேண்டியிருக்கும் காலம் ஒன்று வரும் என்று அப்போது நான் எண்ணியதில்லை. அது சென்ற ஆண்டு வந்தது.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் என் மகள் வயிற்றுப் பேரன் தங்கிப் படிக்கிறான். அவன் தந்தை வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். ஆகவே, பள்ளிக்கூடத்தில் தந்தையார் கையொப்பமிட வேண்டிய இடங்களில் பெரும்பாலும் என் கையொப்பமே இருக்கும். பதினைந்து வயதான அவன், ஒரு நாள் மாலை புத்தகப் பையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, “அப்புச்சி, நான் குஸ்தியில சேந்திருக்கறனுங்க. இதுல ஒரு கையெழுத்து வேணுங்க” என்று ஒரு தாளை நீட்டினான்.

அடுப்பங்கரையிலிருந்து என் மகள் விரைந்து வந்தாள். “கை கால் ஒடிஞ்சா யாருங்கப்பா பொறுப்பு? பத்தாவது படிக்கிற பையனுக்குக் குஸ்தி எதுக்குங்க?” என்றாள். அவள் அச்சம் நியாயமானதே. நானோ, மகளுக்கு ஒரு சொல்லும் பேரனுக்கு ஒரு சொல்லும் சொல்ல வேண்டியவனாக இருந்தேன். “ஒரு பருவம் போய்ப் பார்க்கட்டும், நானும் உடன் சென்று பார்க்கிறேன்” என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். அந்த ஒரு பருவத்தில் நான் கண்டதையும், கற்றதையும், செய்த தவறு ஒன்றையும் உங்களுக்குச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் இந்தக் கலை யாருடையது என்று பார்ப்போம். குஸ்தி என்பது வடக்கேயிருந்து வந்த சொல். ஆனால் கலை நமக்குப் புதிதன்று. ‘மல்’ என்பது வலிமையைக் குறிக்கும் பழஞ்சொல். மல் உடையவன் மல்லன். மல்லர் பொருவது மற்போர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்னும் பட்டப்பெயர் பூண்டிருந்தான். கடற்கரையில் நிற்கும் மாமல்லபுரம் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னே செல்வோம். புறநானூற்றில் 80, 81, 82 ஆகிய மூன்று பாடல்களைச் சாத்தந்தையார் என்னும் புலவர் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மீது பாடியிருக்கிறார். இந்த இளவரசன் ஆமூர் மல்லன் ஒருவனோடு மற்போர் செய்து வென்றான். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து அவன் முதுகுப்புறம் வளைத்தான் என்றும், பசித்த யானை மூங்கிலை முறிக்க முயல்வது போல் தலையும் காலும் ஒடிய மோதினான் என்றும் புலவர் வருணிக்கிறார். மற்றொரு பாடலில் போரின் விரைவுக்கு ஓர் உவமை வருகிறது. ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டில் பின்னுகிற ஒருவன் கையில் ஊசி எத்துணை விரைந்து ஓடுமோ, அத்துணை விரைவாம் அந்தப் போர். மற்போரை அருகிலிருந்து பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

ஆனால் 80ஆம் பாடலில் என் நெஞ்சைத் தொட்டது உவமை அன்று. கிள்ளியின் தந்தை தித்தன். தந்தைக்கும் மகனுக்கும் அப்போது மனம் ஒத்திருக்கவில்லை. புலவர் என்ன விரும்புகிறார் தெரியுமா? தந்தை இதனால் மகிழட்டும், மகிழாது போகட்டும். மகன் வென்று நிற்கும் இந்தக் காட்சியை அவன் வந்து காணவேண்டும் என்று விரும்புகிறார். வகுப்பறையில் இந்தப் பாடலைப் பல முறை நடத்தியிருக்கிறேன். யானை உவமையை விளக்குவேன். தித்தனை ஒரு வரியில் கடந்துவிடுவேன். பேரனோடு களத்தின் ஓரத்தில் உட்கார்ந்த பிறகே தித்தனைப் பற்றி நினைக்கத் தொடங்கினேன்.

நம் கோவைக்கும் இந்தக் கலையோடு உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகப் புகழ் பெற்ற உடல்வலிமையாளர் யூஜின் சாண்டோ என்பவர். அவர் பெயர் நம் நாட்டிலும் பரவி, உடலை வளர்த்தவர் எல்லாரும் சாண்டோ எனப்பட்டனர். நீங்கள் அணியும் கையில்லாத பனியனுக்குச் ‘சாண்டோ பனியன்’ என்று பெயர் வந்த கதையும் அதுதான். சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலை வழியே நகருக்குள் போகும்போது இராமநாதபுரம் வருகிறதல்லவா? அங்கே 1915இல் பிறந்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். ஆலைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், நண்பர்களோடு வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நடத்தினார். பின்னாளில் திரைப்படத் துறையில் பெரும் பெயர் பெற்று 1978இல் மறைந்தார். தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை என்பவை ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் அன்று வீட்டுச் சொற்களாக இருந்தன. குஸ்தி நடக்கும் இடத்துக்குக் ‘கோதா’ என்று பெயர். தேர்தலில் ஒருவர் கோதாவில் இறங்கிவிட்டார் என்று இன்று நாம் பேசுவது இந்த மண்களத்தை நினைத்துத்தான்.

இன்று பள்ளிப் போட்டிகள் மண்ணில் நடப்பதில்லை, மெத்தையில் நடக்கின்றன. மெத்தையின் நடுவே 9 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம். ஒருவன் சிவப்பு உடை, மற்றவன் நீல உடை. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 நிமிடம் வீதம் இரண்டு பகுதிகள். நடுவில் 30 நொடி ஓய்வு. எதிராளியின் இரண்டு தோள்பட்டைகளையும் ஒரே சமயத்தில் மெத்தையில் பதியச் செய்தால் அந்தக் கணமே போட்டி முடிந்தது. அது நிகழாதபோது புள்ளிகள் பேசும். எதிராளியைக் கீழே வீழ்த்தி, அவன் முதுகுப்புறம் சென்று அடக்கினால் 2 புள்ளிகள். வட்டத்துக்கு வெளியே அவனைத் தள்ளினால் 1 புள்ளி. வீழ்த்தும்போதே முதுகு மெத்தையை நோக்கும்படி எறிந்தால் 4. உயரத் தூக்கி வீசினால் 5. ஃப்ரீஸ்டைல் முறையில் ஒருவன் மற்றவனைவிட 10 புள்ளிகள் மிகுந்துவிட்டால், அத்துடன் போட்டி நிறுத்தப்படும். கிரேக்க ரோமானிய முறை என்று இன்னொன்று உண்டு. அதில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது.

இந்த விதிகளையெல்லாம் நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, முதல் போட்டிக்குச் சென்றேன். என் பேரன் 51 கிலோ பிரிவில் இறங்கினான். எதிராளி குனிந்தான், என் பேரனின் ஒற்றைக் காலைப் பற்றினான், வீழ்த்தினான். இரண்டு புள்ளி. பிறகு பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டி, உருளையைப் போல் உருட்டினான். ஒவ்வோர் உருட்டலிலும் முதுகு மெத்தையை நோக்கியது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. நான்கு முறை உருட்டினான். கணக்கு உங்களுக்கே தெரியும். ஒரு நிமிடம் முடிவதற்குள் நடுவர் எதிராளியின் கையை உயர்த்தினார்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன செய்தேன்? “எழுந்திரு! திரும்பு! விடாதே!” என்று கூவினேன். எழுந்து நின்று கூவினேன். பிறகு பயிற்சியாளர் என்னிடம் வந்து, மிக்க பணிவோடு, “ஐயா, கோபிச்சுக்காதீங்க. பையனுக்கு ஒரு குரல்தானுங்க கேக்கோணும். ரெண்டு குரல் கேட்டா எதைக் கேக்கறதுன்னு நின்னுருவானுங்க” என்றார். வகுப்பறையில் எத்தனையோ பேரை ‘அமைதி’ என்று அடக்கிய எனக்கு, ஓர் இளைஞர் அமைதியைக் கற்பித்தார்.

முதல் நான்கு போட்டிகளிலும் அவன் தோற்றான். மற்ற விளையாட்டுகளில் தோல்வியைப் பதினொருவர் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆடுகளம் சரியில்லை, பந்து சரியில்லை என்று சொல்லலாம். மற்போரில் தன் வயதும் தன் எடையும் உடைய ஒருவன் தன்னைக் கீழே அழுத்தினான் என்பதைப் பலர் முன்னிலையில் ஏற்க வேண்டும். ஏற்றபின் எழுந்து அவனுடைய கையைப் பற்றிக் குலுக்க வேண்டும். அவனுடைய பயிற்சியாளரிடமும் சென்று கை கொடுக்க வேண்டும். இந்த மரபு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆயினும் அவன் தோற்றுக்கொண்டே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். அந்த மனநிலையிலேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

ஐந்தாவது போட்டிக்கு மூன்று நாள் முன்பு அவன் எடை 52 கிலோ 400 கிராம் இருந்தது. 51 கிலோவுக்கு ஒரு கிராம் மிகுந்தாலும் அந்தப் பிரிவில் இடமில்லை. அடுத்த பிரிவு 55 கிலோ. அங்கே வருபவர்கள் இவனைவிடப் பெரியவர்களாக இருப்பார்கள். கணக்காசிரியனாகத் தொழிலைத் தொடங்கிய எனக்கு இது எளிய கழித்தல் கணக்காகத் தோன்றியது. இரவுச் சோற்றைக் குறைத்தேன். கம்பளிச் சட்டை அணியச் செய்து, விடியற்காலையில் குளக்கரையில் ஓடவிட்டேன். கடைசி நாள் தண்ணீரையும் அளந்து கொடுத்தேன். பயிற்சியாளரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. போட்டி நாள் காலை எடைப்பொறி 50 கிலோ 900 கிராம் என்று காட்டியது. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

அன்று முதற்பகுதியில் அவன் முன்னணியில் இருந்தான். இரண்டாம் பகுதி தொடங்கியதும் அவனுடைய கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கண்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தன. எதிராளி தொடுவதற்கு முன்பே அவன் முழந்தாளிட்டு அமர்ந்துவிட்டான். மருத்துவர் ஓடி வந்தார். நிழலில் கிடத்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். மாலைக்குள் தெளிந்துவிட்டான். ஆனால் அந்த அரைமணி நேரத்தை என் ஆயுளில் மறக்க இயலாது.

இதன் காரணத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளில் குறையும் எடையில் பெரும்பகுதி கொழுப்பு அன்று; தண்ணீர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. வியர்வையாக நீர் வெளியேறும்போது குருதியின் கன அளவு குறைகிறது. அதே வேலையைச் செய்ய இதயம் விரைந்து துடிக்க வேண்டியதாகிறது. நீர் போதாமையால் வியர்ப்பது குறைந்து, உடலின் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. தசைகள் பிடித்துக்கொள்கின்றன, தலை சுற்றுகிறது. எடை பார்த்தபின் இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பர். இழந்ததை உடல் முழுவதும் ஈடுசெய்யப் பல மணி நேரம் வேண்டும்.

இதன் கொடுமையை அமெரிக்கா 1997இல் கண்டது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மற்போர் மிகப் பரவிய விளையாட்டு. அந்த ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மாணவர்கள், எடையைக் குறைப்பதற்காக வெப்பத்தில் உடற்பயிற்சி செய்து வியர்வை சிந்தி உயிரிழந்தனர். அதன் பிறகு விதிகள் மாறின. கல்லூரிகளில் வியர்க்க வைக்கும் ரப்பர் உடைகளும் வெப்ப அறைகளும் தடை செய்யப்பட்டன. பின்னர் உயர்நிலைப் பள்ளிகளிலும், பருவத் தொடக்கத்திலேயே மாணவனின் உடலில் நீர் போதுமா என்று சோதித்து, கொழுப்பின் அளவைக் கணித்து, இந்த எடைக்குக் கீழே இவன் இறங்கக் கூடாது என்று வரையறுக்கும் முறை வந்தது. ஆண்பிள்ளைகளுக்கு உடற்கொழுப்பு 7 விழுக்காட்டுக்குக் கீழும், பெண்பிள்ளைகளுக்கு 12 விழுக்காட்டுக்குக் கீழும் போகக் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் குறைக்கவும் கூடாது. என் பேரனுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் 800 கிராம்கூட அவன் குறைத்திருக்கக் கூடாது. நான் மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ குறைத்திருந்தேன்.

பெரியவர்கள் உலகிலும் இந்தத் துலாக்கோல் இரக்கமற்றது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி வரை வென்று சென்றார். இறுதிப் போட்டி நாள் காலையில் எடை 100 கிராம் மிகுந்திருந்தமையால் அவர் தகுதியிழந்தார். நாடே கலங்கியது. வயதும் அனுபவமும் மருத்துவர் துணையும் உள்ள வீராங்கனைக்கே இத்துணை இடர் என்றால், வளரும் பிள்ளைகளை இந்த வழியில் செலுத்துவது எவ்வளவு பெரும் பிழை!

அன்று மாலை பயிற்சியாளரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் சினந்து பேசவில்லை. “ஐயா, பதினஞ்சு வயசுப் பையனுக்கு எடை கூடறது வளர்ச்சிங்க. அதை நாம எதுக்குங்க தடுக்கோணும்? 55க்கே எறக்கலாமுங்க. தோத்தாலும் தெம்பாத் தோக்கட்டுமுங்க” என்றார். வீட்டில் என் மகளிடமும் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவனுக்கு வேணும்னு செஞ்சீங்களா, உங்களுக்கு வேணும்னு செஞ்சீங்களாப்பா?” என்று கேட்டாள். அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை.

பிள்ளைக்காகப் பெரியவர்கள் செய்யக்கூடியது என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. மராட்டிய மாநிலம் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த கே. டி. ஜாதவ் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் மற்போரில் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்கு ஒரு தனி வீரர் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவருக்கு மற்போரை முதலில் கற்பித்தவர் அவர் தந்தையே. ஹெல்சிங்கி செல்லப் பொருள் இல்லாதபோது, கோல்ஹாப்பூரில் அவர் பயின்ற இராஜாராம் கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்து உதவினார் என்பது வரலாறு. தந்தை கலையைக் கொடுத்தார். ஆசிரியர் பயணத்துக்கு வழி செய்தார். களத்தில் நின்றவர் ஜாதவ் ஒருவரே. மாணவியரே, இது ஆடவர்க்கு மட்டும் உரிய களம் என்றும் எண்ண வேண்டா. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்று, இந்திய மகளிர் மற்போரில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றார்.

அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டிக்கு என் மகளும் எங்களோடு வந்தாள். காலையில் இட்லி உண்டு, வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து, 53 கிலோ எடையோடு என் பேரன் 55 கிலோ பிரிவில் இறங்கினான். நான் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்து, மேல்துண்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் மூடியிருந்ததால் கண் நன்றாக வேலை செய்தது. அவன் கால்களை எவ்வளவு அகலமாக ஊன்றுகிறான், எதிராளியின் கண்ணைப் பாராமல் இடுப்பைப் பார்க்கிறான், மூச்சை எப்போது இழுத்துக்கொள்கிறான் என்பவற்றையெல்லாம் அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

முதல் போட்டியில் எதிராளியின் இரு தோள்களையும் பதித்து வென்றான். அடுத்த போட்டியில் 6க்கு 7 என்று ஒரே புள்ளியில் தோற்றான். எழுந்து, எதிராளியின் கையைக் குலுக்கி, அவன் பயிற்சியாளருக்கும் கை கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தான். காதோரம் சிவந்து வீங்கியிருந்தது. அதை அவன் தாய் தொட்டுப் பார்த்தாள். அவன் வென்ற போட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “கடைசியில அவனை வட்டத்துக்கு வெளியே தள்ளுனேனுங்களே, பாத்தீங்களா அப்புச்சி?” என்றான். “பார்த்தேன் கண்ணு” என்றேன். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவே என்று அவன் முகத்தில் கண்டேன்.

மாணவர்களே, தித்தன் மகிழ்ந்தானா என்று புறநானூறு நமக்குச் சொல்லவில்லை. புலவர் கேட்டதும் அதையன்று. அவன் வந்து காணட்டும் என்றுதான் கேட்டார். உங்கள் பெற்றோரை நீங்கள் ஆடும் களத்துக்கு ஒரு முறையேனும் அழையுங்கள். விளையாட்டின் விதிகளை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அறியாதவர்தாம் மிகுதியாக அஞ்சுகிறார்கள், மிகுதியாகக் கூவுகிறார்கள். எடையைக் குறைக்கத் தண்ணீரை நிறுத்து என்று எவர் சொன்னாலும், அவர் உங்கள் தாத்தாவாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள். பயிற்சியாளரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். பெரியவர்களின் ஆசைக்காக உங்கள் உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

என் பேரன் இந்த ஆண்டும் மற்போர் பயில்கிறான். எடை 58 கிலோவுக்கு ஏறிவிட்டது. அடுத்த பிரிவு எது என்று நான் கேட்கவில்லை. அவனும் பயிற்சியாளரும் பார்த்துக்கொள்வார்கள். போட்டி எந்த நாள் என்று மட்டும் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.